வாயுவிலிருந்து அயனி மதகு வரை: குடலின் தாளம் பற்றிய கருத்தாக்கமும் தமிழ் மருத்துவ உரைநடையும்

ஆய்வுச் சுருக்கம்

குடல் தானே சீரான இடைவெளியில் அசைகிறது. அந்த அசைவைத் தொடங்கிவைப்பது எது என்ற கேள்விக்கு உடலியங்கியல் அளித்த விடை, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நரம்பு, தசை, இடைநிலை உயிரணு, அயனி வாய்க்கால் என்று இடம் மாறி வந்துள்ளது. இதே காலத்தில் தமிழில் அக்கேள்வி எவ்வாறு பேசப்பட்டது, எங்கே நின்றுபோயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சித்த மருத்துவத்தின் வாயுக் கொள்கை, சாமுவேல் பிஸ்க் கிறீனின் மொழிபெயர்ப்பு முயற்சி, உசுமான் குழுவின் விவாதம், பொதுச் சுகாதாரத் துறையின் எளிய தமிழ் ஆகியவை இதற்கு ஆதாரங்களாகக் கொள்ளப்படுகின்றன. சென்னையின் மேற்குப் புறநகரில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஏரிப் பாசனச் சொற்கள் கலைச்சொல்லாக்கத்திற்கு உதவக்கூடிய முறையும் பரிசீலிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடலியக்கம், வாயு, மனுஷ சுகரணம், கஹால் உயிரணுக்கள், அயனி வாய்க்கால், கலைச்சொல்லாக்கம், மதகு.

முன்னுரை

சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே தொடங்கி மேற்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தமிழக மருத்துவக் கல்வியின் வரலாற்றுச் சாலை என்றே சொல்லலாம். அதன் கிழக்கு முனையில் 1835இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி நிற்கிறது. சற்று மேற்கே உள்ள கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி இயங்கியது. பின்னர் அவ்விடம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை உள்ளது. வேலப்பன்சாவடி முதல் பூந்தமல்லியைக் கடந்து தண்டலம் வரை தனியார் மருத்துவக் கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்துள்ளன. சாலைக்கு வடக்கே, அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் செயல்படுகிறது.

இச்சாலையில் எந்த மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் அமர்ந்தாலும் ஒரு மொழிச் சிக்கலைக் காணலாம். வயிறு பொருமி, உண்டது இறங்காமல் வருபவர் ‘வாயு’ என்கிறார். சிலர் ‘கேஸ்’ என்கின்றனர். மருத்துவர் தம் குறிப்பேட்டில் ‘மோட்டிலிட்டி’ என்று எழுதுகிறார். முன்னது ஒரு பொருளையும் பின்னது ஓர் இயக்கத்தையும் குறிப்பதாகத் தோன்றும். ஆனால் ‘வாயு’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் இயக்கத்தின் பெயராகவே இருந்தது. அது எவ்வாறு வெறும் காற்றாகச் சுருங்கியது என்பதிலிருந்து இவ்வாய்வைத் தொடங்குவது பொருந்தும்.

வாயு: காற்றா, இயக்கமா?

சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றைக் கொண்டு உடலை விளக்குகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் வளியையே முதலாக வைத்து எண்ணுகிறது. சித்த நூல்கள் வாயுவைப் பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன் எனப் பத்தாகப் பகுக்கின்றன. அபானன் மலத்தையும் சிறுநீரையும் கீழ்நோக்கித் தள்ளுவது. உதானன் மேல்நோக்கிய அசைவுகளுக்குரியது. சமானன் உணவின் சாரத்தைப் பகிர்ந்து நிரவுவது. கூர்மன் இமையை அசைப்பது. இவை பத்தும் ஒவ்வொரு செயலின் பெயர்கள். எந்த ஒன்றும் ஒரு குறிப்பிட்ட காற்றின் பெயராக வரவில்லை. உடலில் எது அசைந்தாலும் அந்த அசைவுக்கு ஒரு வாயுவைக் காரணமாக வைப்பதே இவ்வகைப்பாட்டின் முறை.

பேச்சுத் தமிழும் இதற்குச் சான்று. கழுத்தோ முதுகோ திடீரெனப் பிடித்துக்கொண்டால் அதை ‘வாய்வுப் பிடிப்பு’ என்பர். அங்கே காற்று எதுவும் இல்லை. தசையின் தடைபட்ட இயக்கமே குறிக்கப்படுகிறது. வயிற்றில் காற்றுச் சேர்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்குப் பழமையானதே. எனினும் அது பல பொருள்களில் ஒன்றாக மட்டுமே இருந்தது.

பள்ளி வேதியியல் தமிழில் எழுதப்பட்டபோது இந்நிலை மாறியது. திண்மம், நீர்மம் ஆகியவற்றுக்கு அடுத்த பருநிலைக்கு ‘வாயு’ என்ற சொல் எடுத்தாளப்பட்டது. ஆக்சிஜன் ‘பிராணவாயு’ ஆயிற்று; கார்பன் டை ஆக்சைடு ‘கரியமில வாயு’ ஆயிற்று. பத்து வாயுக்களுள் தலைமையான ஒன்றின் பெயரே ஒரு தனிமத்துக்கு இடப்பட்ட பிறகு, எஞ்சிய ஒன்பதும் வாயுநிலைப் பொருள்களாகவே படிக்கப்பட்டன. அபான வாயு என்றால் குடலில் உள்ள ஒரு காற்று என்று மாணவர் புரிந்துகொள்வது இயல்பாயிற்று. தனித்தமிழ் நோக்கில் ‘வாயு’ நீங்கி ‘வளி’ வந்தபோதும் சிக்கல் தீரவில்லை. வளிமம் என்பதும் அதே பருநிலையைத்தான் குறித்தது.

இந்தப் பொருட்குறுக்கத்தை முன்பே கண்டு மறுத்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு அமைத்த குழு முகமது உசுமான் தலைமையில் 1923இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி, மேனாட்டு மருத்துவம் பயின்றவர். அறிக்கையோடு அவர் இணைத்த நீண்ட குறிப்புரையில், வாத பித்த கபங்களைக் காற்று, பித்தநீர், சளி என்று மொழிபெயர்ப்பது தவறு என்று வாதிட்டார். வாதத்தை நரம்புச் செயற்பாட்டோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சித்த மருத்துவர்கள் பலரும் அக்குழுவின் முன் தம் கருத்தை வழங்கினர்.

ஸ்ரீநிவாசமூர்த்தியின் மறுப்பு சரியானது. அவர் முன்வைத்த மாற்று விளக்கத்தை அப்படியே ஏற்பது கடினம். வாயுவை நரம்பென்று கொண்டால், நரம்பின் ஏவலின்றியே குடல் அசைவதை எதனால் விளக்குவது? அவர் எழுதிய காலத்திலேயே அக்கேள்வி ஐரோப்பிய ஆய்வகங்களில் சூடான விவாதமாக இருந்தது. அயனி வாய்க்கால்களைச் சித்தர்கள் முன்னரே அறிந்திருந்தனர் என்று இன்று சில மேடைகளில் சொல்லப்படுவதும் இதே பிழையின் மறுவடிவமே. வாயுக் கொள்கை அசைவுகளை வகைப்படுத்தியது. அசைவின் பொறிமுறையை அது தேடவில்லை. தேடாததைக் கண்டதாகச் சொல்வது அக்கொள்கைக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

மனுஷ சுகரணம் நின்ற இடம்

பொறிமுறையைத் தேடும் உடலியங்கியல் தமிழுக்கு வந்தது யாழ்ப்பாணத்தின் வழியாக. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் இலங்கை வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் கற்றவர்கள் அரசுப் பணிக்கும் நகரங்களுக்கும் சென்றுவிடுவார்கள். தமிழில் கற்றவர்கள் தம் ஊர்களிலேயே தங்கிச் சிகிச்சை அளிப்பார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதற்குத் தேவையான நூல்களை மாணவர்களின் துணையோடு அவரே உருவாக்கினார். கட்டரின் நூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1857இல் வெளிவந்தது. பின்னர் ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ ஆகியவை வந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பிறகும் வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். டால்டனின் உடலியங்கியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்ற பெயரில் 1883இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு கிறீன் மறைந்தார்.

‘சுகரணம்’ என்ற சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். உறுப்பு தன் தொழிலை நன்கு செய்யும் நிலையை அது சுட்டுகிறது. இன்று தமிழகத்தில் வழங்கும் ‘உடலியங்கியல்’ இயக்கத்தையும், ஈழத்தில் வழங்கும் ‘உடற்றொழிலியல்’ தொழிலையும் முன்னிறுத்துகின்றன. மூன்று சொற்களுமே உடலை நிகழ்வாகப் பார்க்கின்றன. கிறீன் கலைச்சொல்லுக்குத் தமிழை முதலிலும் வடமொழியை அடுத்தும் நாடினார். இரண்டும் உதவாத இடத்தில்தான் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தார். சொற்களைப் பட்டியலாக அடுக்கி நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் தொடர்ச்சியான உரைநடைக்குள் வைத்துப் பழக்கியதே அவர் பணியின் சிறப்பு. பிற்காலக் கலைச்சொல் இயக்கங்கள் அவரிடமிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம் இது, பெரும்பாலும் கற்கவில்லை.

மனுஷ சுகரணம் வெளிவந்த ஆண்டிலேயே இலண்டனில் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்துச் சோதித்துக்கொண்டிருந்த சிட்னி ரிங்கர், தம் முந்தைய சோதனைகளில் வாலைநீருக்குப் பதிலாகக் குழாய்நீர் பயன்படுத்தப்பட்டிருந்ததை அறிந்தார். குழாய்நீரில் கரைந்திருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்கவைத்தது என்பதை 1883இல் வெளியிட்டார். தசையின் இயக்கத்திற்கும் அயனிக்கும் உள்ள உறவு இங்கிருந்துதான் தெளிவாகப் பேசப்படத் தொடங்கிற்று. இதயத்தில் தொடங்கிய இக்கதை பின்னர் குடலுக்கு வந்தது. தமிழ் நூல் அச்சேறிய நேரத்தில் அந்நூல் விளக்கிய அறிவியல் அடுத்த கட்டத்திற்குள் காலெடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

கிறீனுக்குப் பிறகு அப்பணியைத் தொடர எவருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் சென்னைக் கல்லூரியும் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. அரசு மருத்துவப் பதவிகளுக்கான வழியும் அக்கல்வியாகவே இருந்தது. குடலின் தாளம் ஓர் ஆய்வுக் கேள்வியாக உருவெடுக்கவிருந்த தருவாயில் தமிழில் உடலியங்கியல் உரைநடை நின்றுபோயிற்று.

உடலுக்கு வெளியே துடித்த குடல்

1899இல் பெய்லிசும் ஸ்டார்லிங்கும் நாயின் சிறுகுடலில் நடத்திய ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. குடலின் ஓரிடத்தைத் தூண்டினால் அதற்கு மேலே சுருக்கமும் கீழே தளர்வும் ஏற்படுவதை அவர்கள் காட்டினர். உணவுக் கவளம் ஒரே திசையில் நகர்வதற்கு இதுவே காரணம். இச்செயலுக்குக் குடற்சுவரில் உள்ள நரம்புப் பின்னல் தேவை. ஆனால் இதனினும் வேறான ஓர் ஊசலசைவையும் அவர்கள் கண்டனர். அது நரம்பை மரக்கச்செய்த பிறகும் நிற்கவில்லை. 1904இல் ருடால்ஃப் மக்னஸ், உடலிலிருந்து பிரித்தெடுத்த குடல்துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு ஆக்சிஜன் ஊட்டினார். அது நீண்ட நேரம் சீராகச் சுருங்கி விரிந்தது.

இச்சோதனை இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் பாடமாக இருந்தது. முயலின் குடல்துண்டு, அதனோடு நூலால் கட்டிய நெம்புகோல், புகைக்கரி படிந்த தாள் சுற்றிய சுழலும் உருளை. நெம்புகோலின் முனை கரியைக் கீறிக்கொண்டே போக, அலை அலையாக வெண்கோடு விழும். கரைசலில் இருந்து கால்சியத்தை நீக்கினால் அலை அடங்கும். மீண்டும் சேர்த்தால் எழும். அயனியின் பங்கை மாணவர் கண்ணாலேயே கண்ட சோதனை அது. 2014இல் இந்திய மருத்துவக் கழகம் இளநிலைப் படிப்பில் விலங்குச் சோதனைகளுக்கு மாற்றாகக் கணினிவழிப் பயிற்சியைக் கொண்டுவந்த பின் உருளைகள் அலமாரிகளுக்குள் போயின. விலங்குகளைக் காக்கும் நோக்கில் அம்மாற்றம் நியாயமானதே. பூந்தமல்லிச் சாலைக் கல்லூரிகளில் இன்று பயிலும் மாணவர் அவ்வலையைத் திரையில் காண்கிறார்.

இதயத்தின் துடிப்பு தொடங்கும் கணுவை மார்ட்டின் பிளாக்குடன் சேர்ந்து 1907இல் விவரித்த ஆர்தர் கீத், அதைப் போன்ற ஒரு மையம் குடலிலும் இருக்க வேண்டும் என்று 1915இல் எழுதினார். அமெரிக்காவில் வால்டர் ஆல்வரெஸ் குடலின் ஒவ்வொரு பகுதியின் துடிப்பு வீதத்தையும் அளந்தார். இரைப்பையின் மின்னலையை வயிற்றின் மேற்பரப்பிலிருந்தே பதிவுசெய்து 1922இல் வெளியிட்டார். மனிதரின் இரைப்பையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 அலைகள், முன்சிறுகுடலில் 12, சிறுகுடலின் இறுதியில் 8 அளவு. இவை மெல்ல எழுந்து தாழும் மின்னலைகள். அலை எழும்போதெல்லாம் தசை சுருங்கிவிடுவதில்லை. சுருங்கத்தக்க கணத்தை மட்டுமே அலை வகுக்கிறது. அக்கணத்தில் சுருங்குவதா, எவ்வளவு வலிவோடு சுருங்குவது என்பதை நரம்பும் இயக்குநீரும் தீர்மானிக்கின்றன. கையில் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தத் தட்டில் சொல் விழ வேண்டும் என்பது பாடுபவரைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை ‘குடல் அலையியக்கம்’ என்ற ஒரே தொடர் காட்டுவதில்லை. மின்னலையும் தசையலையும் அதில் ஒன்றாகிவிடுகின்றன.

கஹால் உயிரணுக்களும் குளோரைடு வழியும்

ஸ்பெயின் நாட்டு நரம்பியலறிஞர் சாண்டியாகோ ரமோன் இ கஹால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடற்சுவரின் தசைக்கும் நரம்புக்கும் நடுவே, வலைபோல் கைகோத்துக் கிடக்கும் ஒருவகை உயிரணுக்களை விவரித்தார். அவை எளிய நரம்பணுக்கள் என்று கருதினார். அவை நரம்பணுக்களே அல்ல என்று பிறர் மறுத்ததால் பல பத்தாண்டுகள் பொருட்படுத்தப்படாமல் கிடந்தன. 1982இல் டென்மார்க்கின் லார்ஸ் துனெபெர்க், குடலின் தாளம் இவற்றில்தான் பிறக்கிறதோ என்று கேள்வி எழுப்பினார். 1992இல் ஜப்பானிய ஆய்வர்கள், கிட் என்னும் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது குடலின் சீரான அசைவு குலைவதைக் கண்டனர். கிட் புரதம் இவ்வுயிரணுக்களின் அடையாளம். கிட் மரபணுவில் குறையுள்ள எலிகளின் சிறுகுடலில் மின்னலை இல்லை என்பதை 1994, 1995 ஆண்டுகளில் அமெரிக்க, கனடிய ஆய்வுக்குழுக்கள் நிறுவின.

அலையை உண்டாக்கும் வாய்க்கால் எது என்பது அடுத்த கேள்வி. 2008இல் மூன்று குழுக்கள் தனித்தனியே, கால்சியத்தால் திறக்கும் ஒரு குளோரைடு வாய்க்காலை இனங்கண்டன. அனோக்டமின்-1 என்பது அதன் பெயர், சுருக்கமாக அனோ-1. மறு ஆண்டே அது கஹால் உயிரணுக்களில் நிறைந்திருப்பதும், அது இல்லாத எலிக் குட்டிகளில் மின்னலை எழாததும் வெளியாயின. சுவையான ஒரு செய்தி: இதே புரதத்தைப் புற்றுநோய் ஆய்வர்கள் 2004இலேயே குடல் இடைத்திசுக் கட்டிகளின் அடையாளமாக வேறு பெயரில் அறிந்திருந்தனர். அக்கட்டிகள் கஹால் உயிரணுக்களின் மரபில் தோன்றுபவை. நோயியல் கூடத்தில் நாள்தோறும் சாயமேற்றிப் பார்க்கப்பட்ட புரதம் ஒரு மின்வழி என்பது பிறகே தெரிந்தது.

பொறிமுறை வருமாறு. கஹால் உயிரணுவின் உள்ளறைகளில் சேமிக்கப்பட்ட கால்சியம் சிறு சிறு கசிவுகளாக வெளிப்படுகிறது. அது படலத்தருகே அனோ-1 வாய்க்காலைத் திறக்கிறது. உயிரணுவின் உள்ளே செறிவாக வைக்கப்பட்டிருக்கும் குளோரைடு, எதிர்மின்சுமையோடு வெளியேறுகிறது. உட்புறத்தின் எதிர்மின்னழுத்தம் குறைகிறது. அக்குறைவை உணரும் கால்சிய வாய்க்கால்கள் திறந்து, நிகழ்வை அடுத்தடுத்த உயிரணுக்களுக்குக் கடத்துகின்றன. அலை, இணைப்புப் புரைகளின் வழியே மென்தசைக்குள் பரவுகிறது. தசையின் கால்சிய வாய்க்கால்கள் திறந்தால் சுருக்கம் நிகழும். பொட்டாசியம் வெளியேறுவதால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு அடுத்த அலை.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நீண்டகால நீரிழிவில் இரைப்பை உணவைத் தள்ளாமல் தேங்கவைக்கும் நிலையில் கஹால் உயிரணுக்கள் குறைந்திருப்பது காணப்பட்டுள்ளது. எரிச்சல் குடல் நோயாளருள் நூற்றுக்கு இருவர் அளவில், இதயத்திலும் இயங்கும் ஒரு சோடிய வாய்க்காலின் மரபணுவில் மாற்றம் இருப்பதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுள் ஒருவரின் மலச்சிக்கல், இதயத்துடிப்புக் கோளாறுக்கான மெக்சிலெட்டின் மருந்தால் தணிந்தது. நீரிழிவு மலிந்த தமிழகத்தில், ‘வாயு’ என்று வரும் நோயாளிக்கு இதில் ஒரு வாக்கியமேனும் தமிழில் சொல்லப்பட வேண்டியுள்ளது. அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பழகியவர் மிகச் சிலரே.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பெற்ற தமிழ்

குடலின் அயனி அறிவியல் தமிழுக்கு வரவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அதன் மற்றொரு பாதி வந்தது. 1959இல் கொல்கத்தாவின் சம்புநாத் தே, வாந்திபேதிக் கிருமியின் நச்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்று காட்டினார். அந்நச்சு குடலின் உள்வரிச் சுவரில் குளோரைடு வாய்க்கால்களைத் திறந்தபடி நிறுத்திவிடுகிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. ஆயினும் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழையும் வழி மட்டும் பழுதாவதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடிப்படை அதுவே. 1971இல் வங்க அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் அதன் வலிமையை மெய்ப்பித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடனாய்வர்களும், எளிதில் செரிக்காத மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால் பெருங்குடலும் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சி வயிற்றுப்போக்கு விரைவில் அடங்கும் என்று 2000இல் வெளியிட்டனர்.

இந்த அறிவு கிராமத் தாய்மாரிடம் தமிழாகவே போய்ச் சேர்ந்தது. பூந்தமல்லியின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர்கள் போன்ற களப்பணியாளர்கள் இதற்குக் கலைச்சொல் அகராதியை நாடவில்லை. உப்பு, சர்க்கரை, கொதித்து ஆறிய நீர், கஞ்சி என்று வீட்டுச் சொற்களால் சொன்னார்கள். ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவான தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், குழந்தைகளின் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைக் கண்காணிக்கும் தேசியப் பணியில் பங்கேற்றது. அவ்வைரசின் நச்சுப்புரதமும் உயிரணுவுக்குள் கால்சியத்தை உயர்த்திக் குளோரைடைக் கசியவைப்பதே. குடலின் தாளத்தை ஆளும் வாய்க்கால் வகையும் குழந்தையின் உடல்நீரை வடிக்கும் வாய்க்கால் வகையும் நெருங்கிய உறவினர். அனோ-1 இரண்டிலும் பங்குபெறுவதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

ஒரு பாதி வீட்டுமொழிக்குள் வந்ததற்கும் மறுபாதி வராததற்கும் காரணம் மொழியின் வலிமைக் குறைவு அன்று. வயிற்றுப்போக்கு உயிரைப் பறித்தது. அரசு தமிழில் பேசியாக வேண்டியிருந்தது. மந்தமான குடல் யாரையும் ஓரிரவில் கொல்வதில்லை.

வாய்க்காலா, மதகா?

கலைச்சொற்கள் இல்லாமலும் இல்லை. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 1938 தொகுதி முதல் மணவை முஸ்தபாவின் மருத்துவ அகராதி வரை பட்டியல்கள் பல. 1954–1968இல் பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் மருத்துவத்தை உரைநடையிலேயே எழுதிக் காட்டியது. ஈழத்தில் பள்ளி உயர்தரம் வரை அறிவியல் தமிழில் கற்பிக்கப்பட்டதால் ‘சுற்றுச்சுருக்கு அசைவு’, ‘மழமழப்பான தசை’, ‘அயன்’ போன்றவை நிலைபெற்றன. தமிழகத்தில் ‘அலை இயக்கம்’, ‘மென்தசை’, ‘அயனி’ என வேறு வரிசை வழங்குகிறது. இரண்டிலும் தாளத்தைத் தொடங்கிவைக்கும் உயிரணுவுக்குப் பொருத்தமான சொல் இல்லை. இதயத்துக்கு வழங்கும் ‘முடுக்கி’ இங்கே பொருந்தாது, முடுக்குதல் விரைவுபடுத்துதல். கஹால் உயிரணு விரைவுபடுத்துவதில்லை, நடையை வகுக்கிறது. ‘நடைவகுப்பி’ என்பது பொருளுக்கு நெருங்கி வரும்.

அயனி ‘வாய்க்கால்’ என்பதிலும் ஒரு குறை உண்டு. வாய்க்கால் திறந்தே கிடப்பது. நீர் உள்ளவரை ஓடும். உயிரணுப் படலத்தின் வழியோ, குறிப்பு வந்தால் திறந்து, வேலை முடிந்தால் அடைபடுவது. தொண்டை நாட்டு ஏரிப் பாசனத்தில் அதற்குரிய சொல் ‘மதகு’. அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் கரையில் வளர்ந்த ஊர்கள் இவை. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு மதகு திறப்பது என்றால் என்ன என்று செம்பரம்பாக்கத்துக்குக் கீழே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏரியின் நீர்மட்ட வேறுபாடே மதகின் வழியே நீரைத் தள்ளும் விசை. படலத்தின் இருபுறச் செறிவு வேறுபாடும் மின்னழுத்தமும் அயனியைத் தள்ளும் விசை. ‘கால்சியத்தால் திறக்கும் குளோரைடு மதகு’ என்று எழுதினால், எது திறக்கிறது, எது பாய்கிறது, ஏன் பாய்கிறது என்ற மூன்றும் வாசகருக்கு ஒருசேர விளங்கும். மின்னழுத்தத்தால் திறப்பது, இழுவிசையால் திறப்பது என்று வகைகளையும் இதே வாய்பாட்டில் அமைக்கலாம்.

இச்சொல்லுக்கும் எல்லை உண்டு. மதகு நீரைத் தரம் பிரிப்பதில்லை. அயனி மதகோ சோடியத்தை விட்டுப் பொட்டாசியத்தைத் தடுக்க வல்லது. மதகைத் திறக்க ஆள் வேண்டும். இங்கே திறப்பவரும் அப்புரதத்தின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறார். உருவகம் எங்கே நிற்கிறது என்பதை ஒருமுறை பாடத்தில் சொல்லிவிட்டால் அது தடையாகாது. ஆங்கிலச் சொல்லும் கடற்காலையும் நீர்வழியையும் குறித்து வந்த உருவகமே.

தமிழ்நாடு பாடநூல் கழகம் அண்மை ஆண்டுகளில் மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவரும் பணியை மேற்கொண்டுள்ளது. உடலியங்கியல் நூலொன்றைத் தமிழாக்குபவர் குடலியக்க இயலுக்கு வரும்போது மின்னலைக்கும் தசையலைக்கும் தனித்தனிச் சொல் தேர்ந்தாக வேண்டும். கஹால் உயிரணுவை முடுக்கி என்பதா என்று நின்று யோசித்தாக வேண்டும். வாயு என்ற சொல்லை அவ்வியலுக்குள் அனுமதிப்பதா என்றும் முடிவெடுத்தாக வேண்டும். 1883இல் மனுஷ சுகரணத்தின் மொழிபெயர்ப்பாளருக்கு இம்மூன்றும் எழவில்லை.